இடுப்பளவு தண்ணீர்

என் மகள் படித்த பள்ளிக்கூடம் பறவைகளை நம்பி நடந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். ஏரிக்கரையை ஒட்டி இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், வெளியே ஒரு கைப்பம்பு, அவ்வளவுதான் பள்ளி. பிள்ளைகள் குறைவு என்று அதை மூடிவிடப் பார்த்த சமயத்தில் வெளிநாட்டுக் கூட்டுத் திட்டம் ஒன்று வந்து எடுத்துக்கொண்டது. எங்கள் ஏரிக்குக் குளிர்காலத்தில் வந்திறங்கும் பறவைகள் கோடையில் வடக்கே வெகுதூரத்தில் ஒரு நாட்டில் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே ஒரு பள்ளிப் பிள்ளைகள் அவற்றை எண்ணுவார்கள். இங்கே எங்கள் பிள்ளைகள் எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை வருஷா வருஷம் தவறாமல் போய்ச் சேருகிற வரைக்கும் ஏரி பாதுகாக்கப்பட்ட இயற்கைச் செல்வம்; அதில் யாரும் கைவைக்க முடியாது. பிள்ளைகள் எண்ணித் தருவதால் டீச்சர் சம்பளம், புத்தகம், மதியச் சாப்பாடு எல்லாம் திட்டத்திலிருந்து வந்தன.

"எல்லா ஊர்லயும் மனுஷன் பறவைக்குத் தீனி போடுவான். நம்ம ஊர்லதான் பறவை மனுஷனுக்குச் சோறு போடுது" என்பார் என் வீட்டுக்காரர். அவர் பம்பு மோட்டார் பழுது பார்க்கிறவர். கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும், வாயில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். இப்போது கிரீஸ் மட்டும்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளி இல்லாவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு வேறு பள்ளி இல்லை. நகரத்துப் பள்ளிக்கு வட்டச்சாலையைக் கடக்க வேண்டும். லாரிகள் நிற்காமல் போகிற சாலை அது. பஸ் எங்கள் பக்கம் வராது. சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே வேலை செங்கல் சூளை. பள்ளியா சூளையா என்பதுதான் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்த கேள்வி. என் மகளைப் படிக்கவைத்தே தீருவது என்று நான் இருந்தேன். நான் சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தக் கடைக்குப் பெயர் மாறவில்லை, எனக்கும் 'டைப் அக்கா' என்ற பெயர் மாறவில்லை. ஊரார் மனுக்களையும் வாடகை ஒப்பந்தங்களையும் அடித்துக் கொடுத்துவிட்டு, இடையில் கிடைக்கிற நேரத்தில் நூலகப் புத்தகம் படிப்பேன். இவ்வளவு படித்தவள் இதற்கு மேல் ஏன் படிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. என் மகளை யாரும் அப்படிக் கேட்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அவளைப் பள்ளியில் 'கொக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்து நீளம், கால் நீளம். ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தால் அசைய மாட்டாள். எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கூட்டமாகப் பறக்கிறதை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. கம்பியை வளைத்து ஒரு வளையம் வைத்திருப்பார்கள். கையை நீட்டி அதன் வழியாகப் பார்த்து, ஒரு வளையத்துக்குள் எத்தனை அடங்குகிறது என்று எண்ணி, அப்புறம் மொத்தக் கூட்டமும் எத்தனை வளையம் என்று பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் எண்ண வேண்டும். இரண்டும் வெகுவாக வித்தியாசப்பட்டால் இரண்டையும் அழித்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். அதை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

"அப்பா, நீங்க இன்னைக்கு அம்மாகிட்ட ஏழு பொய் சொன்னீங்க."

"அவ்வளவுதானா? இன்னும் கூட இருக்கணுமே."

"நான் நடுவுல பம்புக்குத் தண்ணி எடுக்கப் போயிட்டேன். கேட்டதைத்தான் சொல்ல முடியும்."

"உன் பொண்ணைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி" என்று என்னைப் பார்த்துச் சொல்வார்.

எண்ணுவதற்குக் கரையில் ஒரு பரண் இருந்தது. நான்கு கால், மேலே பலகை, சுற்றிலும் கைப்பிடி, ஏற ஒரு ஏணி. பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் எண்ணுவார்கள். தண்ணீரில் யாரும் கால் வைப்பதில்லை. கால் வைத்தால் பறவைகள் எழுந்துவிடும், அன்றைய எண்ணிக்கை வீண்.

திட்டம் ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆனதற்கு ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். அதற்குப் படம் எடுக்க ஒருவர் வந்தார். நான் அன்று கடையில் இருந்தேன். நடந்ததை மகள்தான் சொன்னாள், பிறகு பெரிய டீச்சரும் சொன்னார். பெரிய டீச்சர் என்றுதான் பெயர், சின்ன டீச்சர் என்று அங்கே யாரும் இல்லை. எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவர்தான்.

படம் எடுப்பவர் பரணைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். "டீச்சர், பரண் மேல உட்கார்ந்தா முதுகுதான் தெரியுது. எங்க ஊர் பஸ் ஸ்டாப்ல காத்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு. தண்ணியும் பிள்ளையும் ஒண்ணா வரணும். கொஞ்சம் இறங்கட்டுமே."

"இறங்கினா பறவை போயிடும் சார். எண்ண முடியாது."

"எண்ண வேணாம். எண்ணுற மாதிரி நின்னாப் போதும்."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் முகம் சுண்டிப்போகக் கூடாது. தண்ணீர் கேட்டால் மோர் கொடுப்போம், வழி கேட்டால் கூடவே போய்க் காட்டுவோம், வழி தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு வழியைக் காட்டுவோம். வெறும் கையோடு அனுப்புவது மட்டும் வராது. அதிலும் அவர் திட்டத்திலிருந்து வந்தவர். டீச்சர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, நீச்சல் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்து இறக்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று, வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் இல்லாத வானத்தைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

புத்தகம் வந்தபோது என் மகள்தான் அட்டையில் இருந்தாள். முன்வரிசையில், கழுத்தை நீட்டிக்கொண்டு. தெருவே வந்து பார்த்தது. டீக்கடைக்காரர் அந்தப் புத்தகத்தை இரண்டு நாள் கேட்டு வாங்கிக் கடையில் வைத்திருந்தார். அவருடைய பேரனும் அந்தப் பள்ளியில்தான் படித்தான்.

மகளுக்கு மட்டும் அதில் சந்தோஷம் இல்லை.

"அன்னைக்கு ஒரு பறவைகூட இல்லம்மா."

"படத்துல இவ்வளவு இருக்கேடி?"

"அது வேற நாள் எடுத்தது. மேல ஒட்டியிருக்காங்க. பாரு, இது சாயங்காலம் பறக்கிற வரிசை. நாங்க நின்னது காலையில."

நான் உற்றுப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "அழகா இருக்கில்ல, விடு" என்றேன்.

அந்தத் திட்டத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. கல்விக்கு ஒன்று, பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஒன்று, இயற்கைக்கு ஒன்று. மூன்றும் வெளிநாட்டில் ஒரே கட்டடத்தில் மூன்று மாடிகளில் இருக்கின்றன என்றும், லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அதோடு சரி என்றும் பின்னால் மொழிபெயர்க்க வந்த தம்பி சொன்னான். புத்தகத்தைப் போட்டது இயற்கைப் பிரிவு. அது பிள்ளைகள் பாதுகாப்புப் பிரிவின் மாடிக்குப் போனபோது அங்கே ஒருவர் பறவையைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். இடுப்பளவு தண்ணீர். மிதவைச் சட்டை இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் கூட இல்லை. விசாரிக்க ஆள் வருகிறது என்று டீச்சருக்குத் தகவல் வந்தது.

எல்லோரும் பள்ளித் தாழ்வாரத்தில் கூடினோம். டீச்சருக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"நிஜத்தைச் சொல்லிடலாமா? படத்துக்காக இறங்கினாங்கன்னு" என்றார்.

"அப்படிச் சொன்னா, படமே பொய்னா கணக்கும் பொய்தானேன்னு கேப்பாங்க டீச்சர்" என்றார் டீக்கடைக்காரர். "தண்ணி கணுக்கால் அளவுதான், பிள்ளைங்க முட்டி போட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிடலாம்."

"அத்தனை பேரும் முட்டி போடுற அளவுக்கு என்னய்யா தப்பு பண்ணாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமாப்பா. அதுக்கு வேற டீச்சர் தண்டனை கொடுத்தாங்கன்னு எழுதிடுவாங்க" என்று ஒத்துக்கொண்டார் டீக்கடைக்காரர்.

அந்தக் கவலையிலும் எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். கடைசியில், பிள்ளைகள் ஒரு நாள் விளையாட்டாகக் குளித்துக்கொண்டிருந்தபோது வந்தவர் படம் எடுத்துவிட்டார், டீச்சருக்குத் தெரியாது என்று சொல்வதாக முடிவாயிற்று. யாருக்கும் கேடு இல்லாத பொய். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டாள்.

விசாரிக்க வந்தது ஒரு அம்மா. தலை நரைத்தவர், சத்தமில்லாமல் பேசுகிறவர். நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தார். கூட மொழிபெயர்க்க அந்தத் தம்பி. பிள்ளையோடு தாயோ தகப்பனோ இருக்கலாம் என்றார்கள். அதனால் என் மகளின் முறை வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதற்கு முன்னால் போன பிள்ளைகள் எல்லாம் குளித்தோம் என்று ஒப்பித்துவிட்டு வந்திருந்தார்கள்.

"படத்தில இருக்கறது நீதானான்னு கேக்கறாங்க" என்றான் தம்பி.

"ஆமா."

"அன்னைக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள். "படத்துக்கு நின்னோம்" என்றாள்.

"எண்ணலையா?"

"இல்ல. எண்ணுற மாதிரி நின்னோம். எண்ணுறது பரண்லதான். அங்க நின்னு எண்ண முடியாது."

"யாரு இறங்கச் சொன்னது?"

"படம் எடுக்க வந்தவரு. டீச்சர் முதல்ல வேணாம்னுதான் சொன்னாங்க. அப்புறம் சரின்னாங்க."

"பயமா இருந்துச்சா?"

"எனக்கு இல்ல. டீக்கடைத் தாத்தா பேரன் அழுதான். அழுதா படம் கெட்டுடும்னு அவனை மட்டும் வெளிய எடுத்துட்டாங்க."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றும், இனி யாரும் உன்னைத் தண்ணீரில் இறங்கச் சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் நல்லவர். அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"அப்ப நாளைக்கு எண்ணலாமா?" என்று கேட்டாள் மகள். "பறவைங்க வர ஆரம்பிச்சிடுச்சு."

தம்பி அதைச் சொன்னான். அந்த அம்மா நீளமாக ஏதோ பேசினார். தம்பி அதைச் சுருக்கி, "கொஞ்ச நாள் ஆகும்மா" என்றான்.

மூன்று பிரிவுகளிலிருந்தும் மூன்று முடிவுகள் வந்தன. பிள்ளைகள் பாதுகாப்புப் பிரிவு, இனி நீருக்கு அருகில் பிள்ளைகளை வைத்து எந்த வேலையும் நடக்கக் கூடாது என்றது. பரணின் ஏணியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். இயற்கைப் பிரிவு, படத்துக்கு எண்ணுகிற மாதிரி நடித்தவர்கள் எண்ணிக்கையையும் ஜோடித்திருக்கலாம், ஆகவே சரிபார்க்கும் வரை எங்கள் ஏரியின் கணக்கை ஏற்பதற்கில்லை என்றது. ஏரியில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளத் திட்டம் வைத்திருந்த காவலரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கல்விப் பிரிவு, எண்ணும் திட்டத்தின் பகுதியாகத்தான் பள்ளிக்கு உதவி தரப்பட்டது, அது நின்றுவிட்டதால் பள்ளியையும் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறோம் என்றது. மூன்றையும் நான் வாசித்தேன். ஒரு வரியில்கூடத் தப்புச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளியைப் பூட்டினார்கள். டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு நகரத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மதியச் சாப்பாடு நின்றது. முதலில் பெரிய பெண்கள் சூளைக்குப் போனார்கள், பிறகு அவர்களின் தங்கைகள். கல் புரட்டிப் போடுகிற வேலைக்குச் சின்னக் கைதான் வசதி என்பார்கள். தண்ணீரில் நிற்கக் கூடாது என்று காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். அந்த மாடியிலிருந்து பார்த்தால் சூளை தெரியாது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

என் மகளை நான் சூளைக்கு அனுப்பவில்லை. நகரத்துப் பள்ளியில் கேட்டேன். நடு வருஷத்தில் சேர்க்க முடியாது, அடுத்த வருஷம் வாருங்கள், இடமிருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை அவளைக் கையோடு கடைக்குக் கூட்டிப்போனேன். காலையில் சூளைக்குப் போகிற பிள்ளைகள் எதிரில் வருவார்கள். நேற்று வரை ஒன்றாகப் பரணில் உட்கார்ந்திருந்தவர்கள்.

"ஏய் கொக்கு, சாப்பிட்டியா?" என்றாள் ஒருத்தி ஒரு நாள்.

"ம்."

"என்ன சாப்பிட்ட? உண்மையா? நீதான் அதை நிறைய வச்சிருக்கியே. எங்களுக்கும் கொஞ்சம் போடேன், வயிறு நிறையுதான்னு பாக்கறோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அதட்ட வாயெடுத்தேன். மகள் என் கையை இழுத்து, "வாம்மா, நேரமாச்சு" என்றாள். அதற்குப் பிறகு வேறு சந்து வழியாகப் போகலாமா என்று கேட்டாள். போனோம்.

அந்த மாதங்களில் யார் யாருக்கோ மனு அடித்துக் கொடுத்த கையால் பள்ளியைத் திறக்கச் சொல்லி எனக்காகவும் அடித்தேன். பதில் வரவில்லை. மொழிபெயர்த்த தம்பி போகும்போது என்னிடம் போன் நம்பர் கொடுத்திருந்தான். ஒரு நாள் கடையிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். சத்தம் சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டேன். மகள் பக்கத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் கையில ஒண்ணும் இல்ல. நான் வெறும் வாய்" என்றான். "இயற்கை மாடியில பேசிக்கிட்டதைச் சொல்றேன். உங்க ஏரிக் கணக்கை வடக்க இருக்கற பள்ளிக்கூடக் கணக்கோட வச்சுப் பாக்கணுமாம். இந்த வருஷக் கணக்கு இருந்தா ஒத்துப் பாத்து, பிள்ளைங்க நல்லாத்தான் எண்ணியிருக்காங்கன்னு சொல்லலாம். ஆனா இந்த வருஷம்தான் நிறுத்திட்டாங்களே. நடுவுல ஒரு வருஷம் விட்டுப்போச்சுன்னா ஏரியைப் பட்டியல்லேருந்தே எடுத்தாலும் எடுத்துடுவாங்க."

"நிறுத்தச் சொன்னதும் அவங்க, இல்லைன்னு சொல்றதும் அவங்களா தம்பி?"

"சொன்னது ஒரு மாடி, கேக்கறது இன்னொரு மாடி அக்கா."

போனை வைத்ததும் மகள் கேட்டாள். "பிள்ளைங்கதானே எண்ணக்கூடாது. பெரியவங்க எண்ணலாமில்ல?"

"எண்ணலாமா இருக்கும்."

"அப்ப நீ எண்ணு. நான் சொல்லித் தரேன்."

ஒரு விடுமுறை நாளில் இருவரும் ஏரிக்கரைக்குப் போனோம். கரையிலிருந்து பார்த்தால் கோரை மறைத்தது. பரண் நான்கு காலில் நின்றது, ஏற வழியில்லை. கோரையின் இடைவெளியில் தெரிந்த கூட்டத்தை எண்ணச் சொல்லி வளையத்தை என் கையில் கொடுத்தாள். கையை நீட்டச் சொன்னாள், ஒரு கண்ணை மூடச் சொன்னாள், மூச்சை விடாதே என்றாள். நான் எண்ணிச் சொன்ன தொகையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, அது மொத்த உலகத்துல இருக்கறதுக்கும் மேல."

"நீதானே வளையத்தை எண்ணச் சொன்ன."

"ஒரே வளையத்தைத் திரும்பத் திரும்ப எண்ணியிருக்க."

பள்ளி மூடிய பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். திரும்பி வரும்போது கரையின் மறுகோடியில் மண் லாரிகள் நிற்பதைப் பார்த்தோம். காவலர் போன பிறகு வட்டச்சாலையை உயர்த்துவதற்கு ஏரியிலிருந்து மண் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீர் வற்றிய ஓரங்களில் தோண்டினார்கள். தோண்டிய பள்ளத்தில் மறுபடி தண்ணீர் ஏறி மட்டமாகிவிடும். மேலிருந்து பார்த்தால் எது பள்ளம் எது தரை என்று தெரியாது.

"அங்க போகக்கூடாது" என்றேன்.

"தெரியும்மா. பரண் பக்கம் பள்ளம் இல்ல" என்றாள்.

பரண் பக்கம் அன்று பள்ளம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். ஒரு காலையில் தலைவலிக்கிறது, கடைக்கு வரவில்லை என்றாள். தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் வளையத்தோடு ஏரிக்குப் போயிருக்கிறாள். கோரைக்கு அந்தப் பக்கம் போனால்தான் கூட்டம் முழுவதும் தெரியும். அதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும். கோரை மறைவிலேயே மெதுவாகப் போய் அசையாமல் நின்றால் பறவைகள் எழாது என்று நினைத்திருப்பாள். அவளுக்குத் தண்ணீரில் பயம் இல்லை, நீச்சல் தெரியும், அந்த இடத்தில் இடுப்புக்கு மேல் ஆழம் இல்லை என்பதும் தெரியும். முன்பு படத்துக்கு நின்ற இடம்தானே. லாரிகள் அதற்குள் பரண் வரைக்கும் வந்திருந்தன. பள்ளத்தின் ஓரம் சேறு. சேறு காலைப் பிடித்துக்கொண்டால் நீச்சல் உதவாது என்று அப்புறம் எல்லோரும் சொன்னார்கள்.

சூளையிலிருந்து சாப்பிட வந்த பிள்ளைகள்தான் பறவைகள் மொத்தமாக எழுந்து கத்துவதைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். யாரோ தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வழியில் அவளைக் கேலி செய்தவள்தான் முதலில் குதித்தாள். அவளையும் இழுத்து வெளியே போட வேண்டியிருந்தது. கடைக்கு ஆள் வந்து, "டைப் அக்கா, வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்கள்.   அடித்துக்கொண்டிருந்த மனுவை முடித்து, அச்செடுத்து, உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேனாம். எனக்கு நினைவில்லை. முதலாளி சொன்னார்.

விசாரித்த அந்த அம்மா மறுபடியும் வந்தார், இந்த முறை வாசலில் திட்டத்தின் வண்டி இல்லாமல், தம்பியோடு ஷேர் ஆட்டோவில். எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். தம்பி வாயைத் திறந்தான்.

"வேணாம் தம்பி. அவங்க என்ன சொல்றாங்கன்னு புரியுது" என்றேன்.

அவர் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அழுகிறவருக்கு ஆறுதல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்னிடம் அப்போது இருந்தது எனக்கே போதவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்று கேட்டார். "இப்பவாவது ஸ்கூலைத் திறப்பாங்களா? அதுக்காகத்தான் பிள்ளை போச்சு. அதைக் கேட்டுச் சொல்லு தம்பி."

தம்பி கேட்டான். அந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார். தம்பி எங்கள் பக்கம் திரும்பினான்.

"ஒரு பிள்ளை இறந்துட்டதால, அந்த இடம் பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு இல்லைன்னு இப்ப உறுதியாயிடுச்சாம் அண்ணே. இனி அங்க பள்ளிக்கூடம் நடத்தறதுக்கு அனுமதியே கிடையாதாம். தற்காலிகம்னு இருந்ததை நிரந்தரம்னு மாத்திட்டாங்க." பிறகு, "அந்த முடிவு எடுக்கறப்ப இவங்க ஒருத்தங்க மட்டும் வேணாம்னு சொல்லியிருக்காங்க. எடுபடல" என்றான்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டார். அது ஓடிக்கொண்டிருந்த நல்ல மோட்டார்.

அடுத்த குளிர்காலத்துக்குள் ஏரி பட்டியலிலிருந்து போய்விட்டது. லாரிகள் பகலிலேயே வெளிப்படையாக வந்தன. வடக்கே இருந்த பள்ளிப் பிள்ளைகள் எங்களுக்கு ஏதோ எழுதி அனுப்பியிருப்பதாகத் தம்பி போனில் சொன்னான். படித்துக் காட்டட்டுமா என்றான். அப்புறம் கேட்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.

பெரிய டீச்சர் ஒரு முறைதான் வந்தார், பள்ளிச் சாமான்களை ஒப்படைப்பதற்காக. பூட்டைத் திறந்து, கரும்பலகையைக் கழற்றி, பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். டீச்சர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

"அக்கா, நான் அன்னைக்கு வேணாம்னு சொன்னேன்" என்றார்.

"தெரியும் டீச்சர். அவளே சொன்னா. டீச்சர் முதல்ல வேணாம்னுதான் சொன்னாங்கன்னு."

அதைக் கேட்டதும் அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். சமாதானமாகச் சொன்னதுதான். அது அவருக்குச் சமாதானமாக இல்லை. "பெஞ்சு ஒண்ணு வேணுமா? அவ உட்கார்ந்தது எதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

வேண்டாம் என்றேன். வீட்டில் உட்கார இரண்டே பேர், நாற்காலிகள் போதும்.

பெஞ்சுகளை டீக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கடை முன்னால் சாலைவரை வரிசையாகப் போட்டிருக்கிறார். மண் லாரி ஓட்டுகிறவர்களும், சூளையில் வேலை முடிந்து வருகிற பிள்ளைகளும் அதில்தான் உட்காருகிறார்கள். நான் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது, இப்போது சந்து வழியாகச் சுற்றிப் போகக் காரணம் இல்லை. என்னைக் கண்டதும் டீக்கடைக்காரர் பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். அவரைப் பார்த்து எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள், வகுப்புக்குள் யாரோ வந்துவிட்ட மாதிரி. கையில் டீயோடு பிள்ளைகளும்.

"உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். நான் முனை திரும்புகிற வரைக்கும் யாரும் உட்காருவதில்லை.